பன்னிரண்டாவது ஆட்டக்காரி

கோல்கீப்பரைத் திட்டுவது சுலபம். என்னை இந்த அறைக்கு அழைத்துவந்த காவலரும் வழியெல்லாம் அதைத்தான் செய்துகொண்டு வந்தார். பந்து அவன் கைக்கு முன்னால் தரையில் குத்தியது, ஈரப் புல்லில் வழுக்கியது, கைக்கு அடியில் புகுந்து உள்ளே போனது. பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஃப்ரீ கிக் எதனால் வந்தது என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் தடுப்பாட்டக்காரன், ஒட்டகம் என்று நாங்கள் கூப்பிடுகிற நெட்டையன், தேவையே இல்லாத இடத்தில் காலை நீட்டினான். ஒரு தோல்விக்கு ஒரே ஆளைக் காரணம் காட்டுகிறவர்கள் ஆட்டத்தை முழுசாகப் பார்க்காதவர்கள்.

நான் முழுசாகப் பார்த்தேன்.

என் மனைவி இறந்ததைப் பற்றித்தான் நீங்கள் கேட்டீர்கள். அதற்குத்தான் வருகிறேன். இரண்டையும் தனித்தனியாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

எனக்கு லிஃப்ட் கம்பெனியில் வேலை. மின்பொறியியல் படித்தவன். பாதி நாள் கட்டடம் கட்டடமாகப் போய் லிஃப்டுகளைச் சோதிப்பேன். மீதி நாள் அலுவலகத்தில் உட்கார்ந்து, லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் அபாயப் பொத்தானை அழுத்தினால் அவர்களோடு பேசுவேன். எங்கள் வேலையில் எல்லோருக்கும் ஒட்டிக்கொண்ட ஒரு பழக்கம் உண்டு. ஒரு மெஷின் ஏன் ஓடுகிறது என்று புரியாவிட்டாலும், ஓடுகிறவரை அதில் எதையும் மாற்ற மாட்டோம். ஒரு திருகைக்கூட. இது மூடநம்பிக்கை இல்லை. எச்சரிக்கை. பின்னால் சொல்லப்போவது புரிய வேண்டும் என்பதால் இதை முதலிலேயே சொல்கிறேன்.

எங்கள் அணி இதுவரை கோப்பையைத் தொட்டதில்லை. பக்கத்தில் போனதுகூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் வீட்டில்தான் ஆட்டம் பார்ப்போம். ரேடியோ வருவார். என்னோடு வேலை செய்யும் மெக்கானிக், என்னைவிட மூத்தவர். வாய் மூடாமல் பேசுவதால் அந்தப் பெயர். என் மைத்துனன் வருவான். மனைவியின் தம்பி, செருப்புக் கடையில் விற்பனையாளர். பிறகு நான், என் மனைவி. மூன்றாவது மாடியில் சின்ன வீடு. ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரு சாமான் அறை. அதில் வாளி, துடைப்பம், ஓடாத மின்விசிறி, இரண்டு பெட்டிகள். அவள் கைகளை விரித்தால் இரண்டு பக்கச் சுவரும் தொடும். ஜன்னல் கிடையாது. மேலே ஒரு காற்றுத் துவாரம் மட்டும்.

இந்தப் பருவத்தின் முதல் ஆட்டத்தில் அவள் வாளி எடுக்க அந்த அறைக்குள் போனாள். அந்த நொடியில் எங்கள் ஏழாம் நம்பர் கோல் போட்டான்.

"தங்கச்சி, அங்கேயே நில்லும்மா, வெளிய வந்துடாத," என்றார் ரேடியோ. "நீ உள்ள போனதும்தான் விழுந்துச்சு."

"நிக்கிறேன். சம்பளம் எவ்வளவுன்னு சொல்லுங்க," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"கப்பு வரட்டும், பாதி உனக்கு."

"மேல் பாதியா, கீழ்ப் பாதியா?"

எல்லோரும் சிரித்தோம். ஆட்டம் முடியும்வரை அவள் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேலேயே உட்கார்ந்திருந்தாள். ஜெயித்தோம்.

அடுத்த ஞாயிறு ரேடியோ வந்ததும் வராததுமாக, "என்னம்மா, டியூட்டிக்கு ஏறலையா?" என்றார். அவள் ஒரு ஸ்டூலையும் ஒரு வாரப் பத்திரிகையையும் எடுத்துக்கொண்டு போனாள். "நான்தான் பன்னிரண்டாவது ஆட்டக்காரி. என் பேரையும் சட்டையில போடச் சொல்லுங்க," என்றாள். அன்றும் ஜெயித்தோம். மூன்றாவது ஆட்டத்தில் ஸ்கோர் கேட்பதற்காகக் கதவைத் திறந்து தலையை நீட்டினாள். தலை வெளியில் இருந்தபோது எதிரணி கோல் போட்டது. அதன் பிறகுதான் வெளிப்பக்கத் தாழ்ப்பாளைப் போட ஆரம்பித்தேன். அந்தத் தாழ்ப்பாள் நாங்கள் குடிவரும்போதே இருந்தது. நான் வாங்கி மாட்டவில்லை.

அவளுக்குச் சலிப்பாக இருக்கக் கூடாது என்று ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். நாங்கள் கோல் போட்டால் நான் கதவில் ஒரு தட்டுத் தட்டுவேன். கேட்டுவிட்டது என்று அவள் ஒரு தட்டுத் தட்டுவாள். ஸ்கோர் தெரிய வேண்டுமென்றால் இரண்டு தட்டு.

வெளியிலிருந்த நாங்கள் மட்டும் சுதந்திரமாக இருந்தோம் என்று நினைக்க வேண்டாம். மைத்துனன் கம்பளத்தில் சாமான் அறைக் கதவை ஒட்டித்தான் உட்கார வேண்டும். ரேடியோ எவ்வளவு முட்டினாலும் இடைவேளைவரை கழிவறைக்குப் போகக் கூடாது. நான் சோபாவின் இடது ஓரத்தை விட்டு நகரக் கூடாது. ஆளுக்கு ஒரு கூண்டு. அவளுடையதற்குக் கதவு இருந்தது, அவ்வளவுதான்.

ஒருமுறை அவள் மறுத்தாள். அதையும் மறைக்கவில்லை.

"எனக்கும் மேட்ச் பாக்கணும்ங்க. அணியோட சட்டையப் போட்டுக்கிட்டு சுவத்தப் பாத்து உக்காந்திருக்கேன்," என்றாள்.

"சரி, உக்காரு," என்றேன்.

கோடு போட்ட சட்டையோடு சோபாவில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஏழாம் நம்பர் ஓடும்போது அவள் காலும் தரையில் ஓடியது. இடைவேளைக்குள் இரண்டு கோல் வாங்கினோம். ரேடியோ பேச்சை நிறுத்திவிட்டார். மைத்துனன் கம்பளத்தில் ஒரு நூலைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தான்.

"ஏன் எல்லாரும் என்னையே பாக்குறீங்க?" என்றாள்.

"யாரு பாத்தா?" என்றேன்.

கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு ஸ்டூலை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவளாகத்தான் போனாள். நான் எழுந்து தாழ்ப்பாளை மட்டும் போட்டேன். அந்த ஆட்டத்தைச் சமன் செய்தோம். அன்றைக்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

அவளுக்கு மூச்சிரைப்பு உண்டு என்பது எனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். நாங்கள் பழகியதே அதனால்தான். அவள் வேலை பார்த்த கட்டடத்தில் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிட்டது. அபாயப் பொத்தானை அழுத்தியவளுக்குப் பேச வரவில்லை. இழுப்புச் சத்தம் மட்டும் எனக்குக் கேட்டது. நான் பேசிக்கொண்டே இருந்தேன். உள்ளே இழுங்க, மெதுவா விடுங்க, ஆள் கிளம்பிட்டாங்க, நான் எங்கயும் போகல. கதவு திறக்கும்வரை பேசினேன். மறுநாள் எங்கள் அலுவலகத்தைத் தேடி வந்து, "அந்தக் குரல் யாரோடது?" என்று கேட்டாள். கல்யாணத்துக்குப் பிறகும் இரைப்பு வரும்போதெல்லாம், "ஏதாவது பேசுங்க," என்பாள். மருந்தைவிட என் குரல் வேலை செய்கிறது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்வாள். மருந்தும் வேண்டும் என்பது எனக்குத் தெரியும். வாயில் வைத்து உறிஞ்சுகிற அந்த மருந்தை அவள் பம்ப் என்பாள். எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருப்பாள்.

அரையிறுதி அன்று கைபேசியைச் சார்ஜில் போட்டுவிட்டு, பம்பை அலமாரி மேல் மறந்துவிட்டு உள்ளே போனாள். அன்று ஒன்றும் ஆகவில்லை. வேறொரு தொந்தரவு வந்தது. எங்கள் வீட்டில் ஆட்டம் இணையம் வழியாக வருகிறது. பக்கத்து வீட்டுப் பல் மருத்துவர் வீட்டில் கேபிள். அவர்களுக்கு எல்லாம் எங்களுக்குச் சில நொடிகள் முன்னால் நடந்துவிடும். சாமான் அறையின் காற்றுத் துவாரம் அவர்கள் ஹால் பக்கம் இருப்பதால், அவர்கள் கத்தியது அவளுக்குக் கேட்டுவிட்டது.

"கோல்" என்று உள்ளேயிருந்து கத்தினாள். எங்கள் திரையில் ஏழாம் நம்பர் அப்போதுதான் பந்தை வாங்கித் திரும்புகிறான்.

"தங்கச்சி, நீ எப்ப ஜோசியம் பாக்க ஆரம்பிச்ச?" என்றார் ரேடியோ.

கோல் விழுந்தது. ஜெயித்தோம். முதல் முறையாக இறுதி ஆட்டம். ஆனால் வருவது தெரிந்த பிறகு கோலைப் பார்ப்பதில் ஒன்றும் இல்லை. அதனால் இறுதி ஆட்டத்தன்று காலையில் அந்தத் துவாரத்தை அடைத்தேன். லிஃப்ட் கதவின் ஓரத்தில் ஒட்டுகிற ரப்பர் பட்டை அலுவலகத்தில் நிறைய மிச்சம் கிடக்கும். மடித்துத் திணித்து, சுற்றிலும் பசை தடவினேன். சுத்தமான வேலை. துவாரத்தில் காதை வைத்தால்கூட ஒன்றும் கேட்காது.

ஓடுகிற மெஷினில் எதையும் மாற்றக் கூடாது என்றேன். இதை மட்டும் மாற்றினேன். அதை நினைத்து எனக்குக் கொஞ்சம் உறுத்தல் இருந்தது. அதனால் மற்றதெல்லாம் அரையிறுதியில் இருந்தபடியே இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். அதே ஸ்டூல். அதே தண்ணீர்ப் பாட்டில். கைபேசி சார்ஜில்.

அவள் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டுத் திரும்ப வெளியே வந்தாள்.

"பசை வாடை மூக்கைத் துளைக்குது. பம்ப மட்டும் எடுத்துக்கிறேன்," என்றாள்.

"போன தடவை எடுத்துட்டுப் போகலையே."

"போன தடவை மறந்துட்டேங்க."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. கடையில் ஒரு பொருளின் விலையைக் கேட்டுவிட்டு, பேரம் பேசலாமா வேண்டாமா என்று யோசிப்பவளைப் போலப் பார்த்தாள். பிறகு அலமாரியிலிருந்து அதை எடுத்து என் சட்டைப் பையில் போட்டு, மேலே ஒரு தட்டுத் தட்டினாள்.

"பத்திரம். கூப்பிட்டா குடுத்துடணும்."

"குடுக்கிறேன்," என்றேன்.

தாழ்ப்பாளைப் போட்டேன்.

முதல் பாதியில் அந்த ஃப்ரீ கிக். பந்து குத்தி, வழுக்கி, உள்ளே. கொஞ்ச நேரத்தில் கதவில் இரண்டு தட்டு. தோற்றுக்கொண்டிருக்கிறோம் என்று சொல்ல எங்கள் ஏற்பாட்டில் தட்டு எதுவும் இல்லை. அதனால் நான் பேசாமல் இருந்தேன்.

"மாமா, அக்கா ஸ்கோர் கேக்குறா," என்றான் மைத்துனன்.

"சொல்ல வேணாம். வீணாப் பதறுவா."

இடைவேளைக்குப் பிறகு சத்தம் மாறியது. இதை நான் விளக்கியாக வேண்டும், ஏனென்றால் மற்ற இருவருக்கும் வித்தியாசம் தெரியாது. எனக்குத் தெரியும். என் வேலை அது. ஏதாவது கேட்பதற்காகத் தட்டுகிறவர்கள் விரல் மூட்டால் தட்டுவார்கள். பயந்துபோனவர்கள் உள்ளங்கையால் அடிப்பார்கள். மூட்டுச் சத்தம் கெட்டியாக, தனித்தனியாக இருக்கும். உள்ளங்கைச் சத்தம் தட்டையாக, ஒழுங்கில்லாமல் இருக்கும். லிஃப்டுக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தால், கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு ஓட வேண்டும் என்று புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நானே பாடம் எடுத்திருக்கிறேன்.

அவள் உள்ளங்கையால் அடித்தாள். "என்னங்க" என்று ஒருமுறை கேட்டது. பிறகு, "தம்பி" என்று.

மைத்துனன் எழப்போனான். அவன் தோளில் கையை வைத்தேன்.

"கார்னர் கிடைச்சிருக்குடா. ஒரு நிமிஷம் உக்காரு."

"இல்ல மாமா, அவ குரல் ஒரு மாதிரி இருக்கு."

"புழுக்கம்தான். இதைப் பாத்துட்டுத் திறக்கலாம்."

கார்னர் வந்தது. ஒட்டகம் பந்தைத் தலையால் தட்டிவிட்டான். ஏழாம் நம்பர், பந்து தரையைத் தொடும் முன் அடித்தான். சமன். அப்படி ஒரு கோலை எங்கள் அணி போட்டு நான் பார்த்ததில்லை. மூவரும் கட்டிப் பிடித்துக்கொண்டோம். மைத்துனன் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு குதித்தான். இதை அவன் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டான். எதற்காக எழுந்தான் என்பதை அந்தக் கொஞ்ச நேரத்துக்கு அவனும் மறந்துபோயிருந்தான்.

நான் கதவுக்குப் போய் ஒரு தட்டுத் தட்டினேன். ஏற்பாட்டின்படி.

பதில் வந்தது. ஒரு தட்டு. கதவின் கீழ்ப்பகுதியிலிருந்து, கிட்டத்தட்ட என் கணுக்கால் உயரத்திலிருந்து வந்தது.

அப்போது திறந்திருக்கலாம். தாழ்ப்பாளின் மேல் கைகூட வைத்தேன். ஆனால் நீங்கள் என் இடத்தில் இருந்து பாருங்கள். அவள் மூட்டால் தட்டியபோதெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை. உள்ளங்கையால் அடித்தபோது கோல் விழுந்தது. ஏன் என்று எனக்குப் புரியவில்லை, ஆனால் மெஷின் ஓட ஆரம்பித்திருந்தது. கையை எடுத்துவிட்டு சோபாவின் இடது ஓரத்துக்குத் திரும்பினேன்.

"என்ன மாமா, எப்படி இருக்கா?" என்றான் மைத்துனன்.

"பதில் தட்டினா. நல்லாத்தான் இருக்கா."

கூடுதல் நேரத்தில் சத்தம் நின்றுவிட்டது.

"தங்கச்சி தூங்கிடுச்சு போல. நம்ம ஆளுங்க ஆடுற ஆட்டத்துக்கு யாருக்கும் தூக்கம்தான் வரும்," என்றார் ரேடியோ. யாரும் சிரிக்கவில்லை. அவர் அதோடு நிறுத்திக்கொண்டார்.

மைத்துனன் கதவில் காதை வைத்தான். "மாமா, ஒண்ணுமே கேக்கல."

"லிஃப்ட்ல மாட்டினவங்களும் இப்படித்தான்டா. முதல்ல தட்டுவாங்க, அப்புறம் அடங்கிடுவாங்க. அடங்கிட்டா பயம் போயிடுச்சுன்னு அர்த்தம்."

கீழே காத்திருக்கிற குடும்பத்தாருக்கு நாங்கள் சொல்கிற வாசகம் அது. நன்றாக வேலை செய்யும். அவனும் என்னை நம்பினான். அவன் அக்கா என் குரலைப் பற்றி அவனிடம் அப்படிச் சொல்லி வைத்திருந்தாள்.

கூடுதல் நேரத்திலும் முடிவில்லை. பெனால்டி. எங்கள் ஆட்டக்காரர்களில் முதல் மூவரும் போட்டார்கள். எதிரணியில் ஒருவன் கம்பத்தில் அடித்தான். மூன்றுக்கு இரண்டு. என் வாழ்நாளில் முதல் முறையாக ஓர் இறுதி ஆட்டத்தில் நாங்கள் முன்னால் இருந்தோம், எல்லாம் எங்கள் கையில் இருந்தது. நான்காவது ஆட்டக்காரன் நடுக்கோட்டிலிருந்து நடந்து வந்துகொண்டிருந்தான். அப்போது எனக்குப் பின்னால் தாழ்ப்பாள் இழுபடும் சத்தம் கேட்டது.

அந்தக் கதவு வெளிப்பக்கம் திறப்பது. அவள் அதில் சாய்ந்திருந்திருக்கிறாள். கதவோடு சேர்ந்து அவளும் வந்தாள் என்று பிறகு ரேடியோ சொன்னார். நான் பார்க்கவில்லை. எங்கள் ஆள் பந்தைப் புள்ளியில் வைத்துக்கொண்டிருந்தான். மைத்துனன் அக்கா அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது கேட்டது. "யோவ், பம்ப் எங்கய்யா?" என்று ரேடியோ கத்தினார். நான் சட்டைப் பையிலிருந்து எடுத்து, திரும்பாமலே, பின்பக்கமாக நீட்டினேன். அவர் பிடுங்கிக்கொண்டார்.

பந்து கம்பிக்கு மேலே போனது. அடுத்தவன் அடித்ததை அவர்கள் கீப்பர் பிடித்தான். அவர்கள் இரண்டையும் போட்டார்கள். முடிந்தது. தொலைக்காட்சியை அணைத்துவிட்டுத்தான் திரும்பினேன்.

அவள் தலை அவள் தம்பி மடியில் இருந்தது. வலது உள்ளங்கை சிவந்து வீங்கியிருந்தது. நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பேசினேன். உள்ளே இழு, மெதுவா விடு, நான் எங்கயும் போகல. ஆம்புலன்ஸ்காரர் என் கையைப் பிடித்து விலக்கும்வரை பேசினேன்.

அன்றிலிருந்து எனக்கு அழுகை வரவில்லை. பசிக்கிறது, தூங்குகிறேன். இதைக் குற்றமாகச் சேர்ப்பதென்றால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விபத்து என்று முதலில் எழுதிக் கொடுத்தேன். அது சரியில்லை. துவாரத்தை அடைத்தது நான். மருந்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டது நான். உள்ளங்கைச் சத்தம் கேட்டபோதே அவளுக்கு மூச்சு முட்டுகிறது என்று எனக்குத் தெரியும். அவள் தரையில் கிடக்கிறாள் என்று அந்தக் கீழ்த் தட்டிலிருந்து தெரியும். தெரிந்தே போய் உட்கார்ந்தேன். இதை அப்படியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் அவள் உடலைப் பரிசோதித்த மருத்துவர் சொன்னதையும் சேர்த்து எழுத வேண்டும். பெனால்டி தொடங்குவதற்கு முன்பே உயிர் போயிருக்கும் என்று அவர் சொன்னார். நீங்களும் கேட்டீர்கள். அப்படியென்றால் அந்த நேரத்தில் கதவைத் திறந்ததால் அவளுக்கு எந்த நன்மையும் இல்லை. அவளுக்காகச் செய்ய அப்போது எதுவும் மிச்சமில்லை, ஒன்றைத் தவிர. பருவம் முழுக்க அவள் எதற்காக அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாளோ, அது. இன்னும் இரண்டு பந்து உள்ளே போயிருந்தால் போதும். அவள் தம்பி மட்டும் கொஞ்சம் பொறுத்திருந்தால், அவள் ஜெயித்திருப்பாள்.